மரம் போனது தெரிந்தது, மண் போனது தெரியவில்லை

தம்பானூர் பஸ் நிலையத்தில் பொன்முடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருபவருக்கு வழியெல்லாம் பச்சைதான். நெடுமங்காடு வரை வீட்டுத் தோட்டங்கள். தென்னை, பலா, வாழை, அவற்றின்மேல் படரும் மிளகுக்கொடி. அதைத் தாண்டியதும் சரிவுகளில் ரப்பர், இடையிடையே மரச்சீனி. விதுராவைக் கடந்து கல்லாற்றுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும்போது காடு. உச்சியை நெருங்கும்போது தேயிலை. சுமார் அறுபது கிலோமீட்டருக்குள் கேரளத்தின் நில வரலாறு முழுவதும் ஜன்னலைக் கடந்து போய்விடுகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. அடியில் இருக்கும் மண் மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

செயற்கைக்கோளின் பார்வையும் ஏறக்குறைய அந்தப் பயணியின் பார்வைதான். இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு அறிக்கை, கேரளத்தின் பரப்பில் சுமார் 54 சதவீதம் வனப்போர்வை என்று கணக்கிட்டது. ஆனால் அரசுப் பதிவேட்டில் வனம் என்று எழுதப்பட்டிருக்கும் நிலம் 30 சதவீதத்தை எட்டவில்லை. வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. குறைந்தது ஒரு ஹெக்டேர் நிலத்தில், பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கிளைகள் கவிந்திருந்தால் அந்தக் கணக்கில் அது வனப்போர்வை. நிலம் யாருடையது, மரம் ரப்பரா தென்னையா ஈட்டியா என்ற கேள்வியெல்லாம் இல்லை. மரத்தை எண்ணுவதற்காவது ஒரு கணக்கு இருக்கிறது. காட்டை விளைநிலமாக்கியபோது போன மண்ணுக்கு அதுவும் இல்லை.

மழைக்காட்டைப் பார்க்கிறவர்கள், இவ்வளவு பெரிய மரங்கள் வளர்ந்த மண் எவ்வளவு வளமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. மலையேறிய குடியேறிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மை வேறு. கேரளச் சரிவுகளின் செம்மண் நெடுங்காலமாகப் பெருமழையில் அலசப்பட்ட மண். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பொட்டாசியமும் பெருமளவு கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண். அதன் முற்றிய வடிவம்தான் செம்புரைக்கல். 1800-01-ல் மைசூரிலும் மலபாரிலும் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இன்றைய மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் மக்கள் அதைக் கல்லாக வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். 1807-ல் வந்த அவருடைய நூல் வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. நிலத்துக்குள் இருக்கும்வரை மண்வெட்டிக்கு மசியும் அந்த மண், காற்றும் வெயிலும் பட்டால் கல்லாக இறுகிவிடும்.

இப்படிப்பட்ட மண்ணின்மேல் காடு எப்படி நிற்கிறது? அங்கே சத்தின் பெரும்பங்கு மரத்திலும், மண்ணின் மேல்தட்டில் உள்ள சில அங்குல மட்கிலும் இருக்கிறது. இலை விழுகிறது. கரையானும் மண்புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை மட்காக்குகின்றன. மேலாகப் பின்னிக் கிடக்கும் வேர்கள், மழை அடித்துப் போகும் முன் அந்தச் சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. கிடங்கில் சரக்கில்லாமல், அன்றன்றைய வரவு செலவிலேயே நடக்கும் மளிகைக்கடை போல. அங்குள்ள களிமண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. அந்த வேலையில் பெரும்பகுதியை மட்குதான் செய்கிறது. மழைநீரை உள்ளே விடும் துளைகளைத் தாங்கி நிற்பதும் மட்கும் வேரும் புழுவும் சேர்ந்து கட்டிய மண்கட்டிகள்தான்.

மரத்தை வெட்டித் தீ வைத்ததும் இந்தக் கடையின் முதல் முழுவதும் ஒரே நாளில் சாம்பலாகக் கைக்கு வருகிறது. சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது, பொட்டாசியம் தருகிறது. முதல் இரண்டு மூன்று வருட விளைச்சல் பிரமாதமாக இருக்கும். கன்னி மண் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அதே சமயம் நிழல் போய்விட்டதால் மண் சூடேறுகிறது. நுண்ணுயிர்கள் மட்கை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. விழுவதற்குப் புதிய இலை இல்லை. மண்வெட்டி விழ விழ மண்கட்டிகள் உடைகின்றன. உள்ளே ஒளிந்திருந்த மட்கும் காற்றுக்கு இரையாகிறது. மழைத்துளி நேரடியாக மண்ணில் அடித்து, நுண்துகள்களால் துளைகளை அடைக்கிறது. உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலே ஓடுகிறது, ஓடும்போது மேல்மண்ணையும் எடுத்துப் போகிறது. கடைசியில் புளிப்பு திரும்புகிறது. மிகுந்த புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர்களைக் கருக்குகிறது. போடுகிற பாஸ்பரஸில் பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுவிடுகின்றன.

மலைவாசிகளுக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரியும். குறிஞ்சியின் தினைப்புனமும் மலபாரின் புனம் சாகுபடியும் இந்தக் கணக்கில் நடந்தவைதான். ஓரிரு போகம் எடுத்துவிட்டு நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்து நகர்ந்துவிடுவார்கள். மட்கு மறுபடி சேர்ந்த பிறகே திரும்பி வருவார்கள். ஆள் குறைவாகவும் காடு அதிகமாகவும் இருந்தவரை அது செல்லுபடியானது. அதே நிலத்தில் வருடா வருடம் விளைய வேண்டும் என்று ஆனபோதுதான் மண் கடனில் விழுந்தது.

திருவிதாங்கூரில் காடு விளைநிலமானதற்கு ஒரே காரணம் கிடையாது. முதலில் வந்தது பணப்பயிர். பூஞ்ஞாறு அரசரிடமிருந்து 1877-ல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காப்பியும் சின்கோனாவும் முயன்று பார்த்த பிறகு அங்கே தேயிலை நிலைத்தது. பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் 1902-ல் ரப்பர் தோட்டம் எழுந்தது. அடுத்து வந்தது பசி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனி, 1942-ல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் உயிர்க்கிழங்கு ஆனது. உணவு உற்பத்திக்காக அரசே காட்டு நிலங்களைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது.

அரசியலும் இருந்தது. 1954-55-ல் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சி தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. தமிழர்கள் மிகுந்திருந்த அந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சில வருடங்களில் காற்று திசை மாறியது. இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் குமுளி அருகே அமராவதியில் கொண்டுவிடப்பட்டன. அவர்களுக்காக 1961-ல் ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். 1977 ஜனவரி 1-க்கு முன் காட்டில் குடியேறியவர்களுக்கு நிலத்தை முறைப்படுத்திக் கொடுக்க 1993-ல் விதிகள் வந்தன. அழைத்து வந்தவர்களும் விரட்டியவர்களும் பட்டயம் தருவதாகச் சொன்னவர்களும் ஒரே அரசு இயந்திரத்தைச் சேர்ந்தவர்கள். இதை மறந்துவிட்டு மலை விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

இழப்பு எவ்வளவு? மண்ணில் உள்ள கரிமம்தான் இதற்கு நல்ல அளவுகோல். மட்கு எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லும். ஆஸ்திரேலியாவில் குவோ, கிஃபர்டு இருவரும் உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இயற்கைக் காடு பயிர்நிலமானால் மண்ணின் கரிமம் சராசரியாக 42 சதவீதம் குறைகிறது. காட்டை அழித்து மரத்தோட்டம் வைத்தால் 13 சதவீதம். வெப்பமண்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆக்ஸல் டானும் சகாக்களும் 2011-ல் செய்த தொகுப்பில், ஆதிக்காடு பயிர்நிலமானால் 25 சதவீதமும், பல்லாண்டுப் பயிருக்குப் போனால் 30 சதவீதமும் குறைவதாகத் தெரிந்தது. வெவ்வேறு மண்ணிலும் மழையிலும் எடுத்த சராசரிகள் என்பதால் இந்த எண்கள் முழுக்க ஒத்துப்போவதில்லை. ஆனால் எல்லாம் சொல்லும் திசை ஒன்றுதான். ரப்பர், காப்பி, தேயிலை போன்றவை பல்லாண்டுப் பயிர்கள் என்பதாலேயே மண்ணைக் காடுபோல் காத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்குகளில் ஆதாரமில்லை.

கேரளத்திலேயே ஓர் அளவீடு இருக்கிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் பி.கே. ராமச்சந்திரன் நாயரும், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பி. மோகன் குமாரும் இடம்பெற்ற ஆய்வுக் குழு ஒன்று திருச்சூர் மாவட்டத்தில் காடு, வீட்டுத் தோட்டம், ரப்பர், தென்னந்தோப்பு, நெல் வயல் என்று வெவ்வேறு நிலங்களில் ஒரு மீட்டர் ஆழம் வரை மண்ணை எடுத்துச் சோதித்தது. 2010-ல் வெளியான முடிவின்படி, காட்டு மண்ணில் ஹெக்டேருக்கு 176.6 டன் கரிமம். நெல் வயலில் 55.6 டன். மரங்கள் உள்ள மற்ற நிலங்கள் இரண்டுக்கும் நடுவில். வயல் என்பது பள்ளத்து நிலம், அது நேற்றுவரை மலைக்காடாக இருந்ததல்ல. ஆகவே இரண்டு எண்களைக் கழித்து இதுதான் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. நடுவில் நிற்கும் நிலங்கள்தான் இங்கே முக்கியம். காட்டை இழந்த பிறகும், என்ன வைக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மண் கூடவோ குறையவோ இடமிருக்கிறது.

விளைச்சல் குறையவில்லையே என்று கேட்கலாம். அதற்குப் பதில் உரமூட்டையில் இருக்கிறது. 2010-க்குப் பிறகு கேரளத் திட்டக் குழுவின் முயற்சியில் மாநிலம் முழுக்க நடந்த பெரிய மண் பரிசோதனையில் பெரும்பாலான நிலங்கள் புளிப்பு மண் என்று தெரிந்தது. பல இடங்களில் பாஸ்பரஸ் தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. மக்னீசியமும் போரானும் பற்றாக்குறை. வருடக்கணக்கில் பழக்கதோஷத்தில் போட்ட உரம் ஒரு பக்கம், மழை கொண்டுபோன சத்து இன்னொரு பக்கம். நாட்டின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் கேரள மண்ணில் கரிமம் இன்னமும் அதிகம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். மழையும் மரமும் கொடுத்திருக்கும் அந்தச் சலுகைதான் இழப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறது.

சரிவில் மரச்சீனி இதற்கு நல்ல உதாரணம். ஏழையின் பசி தீர்த்த பயிர், மோசமான மண்ணிலும் வரும். ஆனால் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவதால், இலை கவிந்து மண்ணை மூட இரண்டு மூன்று மாதமாகும். மழைக்கு முன்னால் கிளறிவிட்ட மண், அந்த மாதங்களில் திறந்து கிடக்கும். பறிக்கும்போது செடியோடு மண்ணையும் புரட்டியாக வேண்டும். சரிவுக்குக் குறுக்காக வரப்புப் போட்டு நட வேண்டும், தழை உரமும் சாண உரமும் வேண்டும் என்பதெல்லாம் கிழங்கு ஆராய்ச்சி சொல்லும் பாடங்கள்தான். தம்பானூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இருக்கிறது மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம். பாடம் தெரியாததல்ல பிரச்சினை. வரப்புக் கட்டும் கூலியை யார் கொடுப்பது என்பதுதான்.

இந்தக் கேள்வி நகரத்துக்கும் உரியது. தம்பானூரின் லாட்ஜுகளிலும் சாயாக்கடைகளிலும் குழாயைத் திறந்தால் வருவது கரமனை ஆறு. அகஸ்திய மலைத்தொடரில் பிறக்கும் அந்த ஆற்றுக்குக் குறுக்கே, தலைநகரின் குடிநீருக்காகக் கட்டிய பேப்பாறை அணை 1983-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே வருடம் அணையின் நீர்ப்பிடிப்புக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர் அங்கிருந்து இறங்கி, பழைய நீர்த்தேக்கமான அருவிக்கரையில் சேர்ந்து நகரத்துக்கு வருகிறது. பேப்பாறைக்கு மேலே காடு. பேப்பாறைக்கும் அருவிக்கரைக்கும் நடுவே ஊர்களும் ரப்பரும் மரச்சீனியும். அருவிக்கரையில் சேர்ந்த வண்டல் அதன் கொள்ளளவைப் பெருமளவு குறைத்துவிட்டது. அந்த வண்டலில் ஒரு பகுதி யாரோ ஒரு விவசாயியின் மேல்மண். அவர் அதை இழந்துவிட்டு அடுத்த வருடம் கூடுதலாக உரம் வாங்குகிறார். அடைபட்ட நீர்த்தேக்கத்தைத் தூர்வார நகரம் செலவழிக்கிறது. ஒரே மண்ணுக்கு இரண்டு பேர் பணம் கட்டுகிறார்கள், இரண்டு கணக்கும் எங்கும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படுவதில்லை.

இந்தியா முழுவதற்கும் 1983-ல் வெளியான மதிப்பீடு ஒன்று, வருடத்துக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் மண் அரிக்கப்படுவதாகச் சொன்னது. அரிக்கப்படும் மண்ணில் பத்தில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களில் படிகிறது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கடலுக்குப் போகிறது, மீதி இடம் மாறிக் கிடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நிலச்சரிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் புத்துமலை, கவளப்பாறை. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடி. அங்கே தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. ஒவ்வொன்றுக்கும் பிறகு காடழிப்புதான் காரணம் என்று ஒரு தரப்பும், பெருமழைதான் காரணம் என்று இன்னொரு தரப்பும் வாதாடுகின்றன. கொட்டித் தீர்த்த மழையில் செங்குத்தான சரிவு காட்டுக்குள்ளேயும் சரியும். ஆழமாகச் சரியும் நிலத்தைப் புல்லும் மட்கும் தடுத்துவிடாது. மண்ணரிப்பு வேறு, நிலச்சரிவு வேறு. முன்னது மரணச் செய்தியாக வருவதில்லை, ஆகவே எந்த விசாரணைக் குழுவும் அதற்காகப் போடப்படுவதில்லை. தினமும் நடப்பது அதுதான்.

இது கேரளத்து விவகாரம் மட்டும் என்று தமிழ்நாடு ஒதுங்க முடியாது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் இதே ரப்பர்தான். தமிழக அரசே 1984-ல் அரசு ரப்பர் கழகம் ஆரம்பித்தது. நீலகிரியில் சோலையும் புல்வெளியும் இருந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு வந்தது, பிறகு தேயிலை வந்தது. அங்கே மண் போகிற வேகத்தைப் பார்த்துத்தான் 1954-லேயே உதகமண்டலத்தில் மத்திய அரசு மண்வள ஆராய்ச்சி மையம் வைத்தது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே சிக்கிக்கொண்ட துண்டுக் காடுகளை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் இரண்டாயிரமாவது ஆண்டுகளின் ஆரம்பத்திலிருந்து மீட்டு வருகிறது. நாட்டு மரக்கன்றுகளை நட்டு, களை எடுத்து, வருடக்கணக்கில் காத்திருக்கும் வேலை. வெட்ட ஒரு வாரம் போதும், திரும்பக் கட்ட ஒரு தலைமுறை வேண்டும்.

காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்த 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி அனுமதி வாங்குகிறவர் மாற்று நிலத்தில் மரம் நடவும், காட்டின் நிகர மதிப்பு என்று ஒரு தொகை கட்டவும் வேண்டும். மரத்துக்கு மரம் கொடுத்துவிடலாம். இருநூறு முந்நூறு வருடத்து மட்கை எந்த மாற்று நிலத்தில் கொண்டு வைப்பது? புதிதாக ஒரு ஏக்கர் காட்டைத் திறக்காமல் இருப்பதைவிட மலிவான மண் பாதுகாப்புத் திட்டம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஏற்கெனவே விளைநிலமானவற்றுக்கு வழி இருக்கிறது. கல் அடுக்கிச் சரிவைத் தட்டுத் தட்டாகப் பிரிக்கும் கய்யாலை கேரள மலைநாட்டின் பழைய வித்தை. ரப்பர் கன்றுகளுக்கு நடுவே புயரேரியா, முக்குனா போன்ற பயறுவகைக் கொடிகளைப் படரவிடுவது தோட்டக்காரர்களுக்குப் பழக்கமானது. அந்தக் கொடி மண்ணை மூடும், தழைச்சத்தும் தரும். ஏலக்காய் காட்டு மரங்களின் நிழலிலேயே வளரும். அந்த நிழலைக் கழித்துத் தள்ளாமல் இருந்தால் போதும். புளிப்புக்குச் சுண்ணாம்பு, பாஸ்பரஸ் குவிந்த இடத்தில் அதை நிறுத்துவது, களையை மொத்தமாக மருந்தடித்துக் கொல்லாமல் வெட்டி அங்கேயே போடுவது. எதுவும் புதிய விஞ்ஞானம் இல்லை.

ஆனால் கய்யாலை கட்டுவது இன்றைய கூலியில் பெரிய செலவு. அதன் பலன் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். நாளைக்கு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் கல் அடுக்கமாட்டார். 2011-ல் மாதவ் காட்கில் குழுவும் 2013-ல் கஸ்தூரிரங்கன் குழுவும் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி அறிக்கை கொடுத்தபோது இடுக்கியிலும் வயநாட்டிலும் எழுந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது இந்தப் பயம்தான். பட்டயம் கையில் இல்லாதவருக்கு மண் பாதுகாப்பு என்ற சொல்லே வெளியேற்றத்தின் முன்னறிவிப்பாகக் கேட்கிறது. காட்டின் எல்லையை உறுதியாக வரைந்து, அதற்கு வெளியே இருப்பவரின் உரிமையையும் அதே உறுதியோடு எழுதிக் கொடுத்தால் ஒழிய இந்த மலைகளில் மண் நிற்காது.

மத்திய அரசு 2015-ல் ஆரம்பித்த மண்வள அட்டையில் புளிப்பு, கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் என்று பன்னிரண்டு இனங்கள் இருக்கின்றன. அடுத்த போகத்துக்கு எவ்வளவு உரம் என்று சொல்ல அது போதும். மேல்மண் எத்தனை அங்குலம் மிச்சம், ஒரு மணி நேர மழையில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பது அதில் இல்லை. பட்டயத்தில் நிலத்தின் நீள அகலம் இருக்கிறது, ஆழம் இல்லை. மலைச்சரிவு நிலங்களுக்காவது இந்த இரண்டையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதலாம். மண் நின்றிருக்கும் நிலத்துக்காரருக்கு, கீழே அதே மழையைக் குடிநீராகக் குடிக்கும் நகரம் தன் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு கொடுக்கலாம். கய்யாலைக்கான கூலி அதில் வந்துவிடும். அருவிக்கரையில் தூர்வாரும் செலவிலும் ஒரு பகுதி மிச்சமாகும்.